மகனின் ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும்: இலக்கணத்தை எங்கிருந்து தொடங்குவது?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்தவர். சிங்கப்பூர் வந்து மூன்றாண்டு ஆகிறது. மகன் தொடக்கநிலை 2. ஈரச்சந்தையிலும் கிளினிக்கிலும் பேசிச் சமாளித்துவிடுகிறார், ஆனால் மகனின் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுத உட்கார்ந்தால் தயக்கம் வந்துவிடுகிறது. பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்வதா, ஸ்பெல்லிங் விதிகளை முதலில் படிப்பதா என்பது அவர் கேள்வி. தான் எழுதிய ஒரு செய்தியையும் இணைத்திருக்கிறார்: “டியர் மேம், மை சன் இஸ் ஹாவிங் ஃபீவர். ஸோ டுடே ஹி நாட் கமிங் டு ஸ்கூல். யெஸ்டர்டே டாக்டர் கிவ் எம்சி.” (எம்சி என்பது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ்.)

எதை முதலில் பிடித்துக்கொள்வது, எதை இப்போதைக்கு விட்டுவிட்டால் குடி முழுகாது என்பதைத்தான் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில் என் பதில்: அட்டவணையை மூடி வையுங்கள். வினைச்சொல்லைப் பிடியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் பெரும்பாலான பிழைகள் ஏழெட்டு இடங்களிலேயே திரும்பத் திரும்ப வருகின்றன. அவை கவனக்குறைவால் வருவன அல்ல. அந்த இடங்களில் தமிழ் ஒரு வழி போகிறது, ஆங்கிலம் வேறு வழி போகிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு மூன்று வரிச் செய்தியை வைத்து உங்கள் முழுத் திறனையும் என்னால் எடைபோட முடியாது. ஆனால் அந்த மூன்று வரியில் உள்ளவை எல்லாமே இந்த வகைப் பிழைகள்தான். இங்கே ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். படிக்கும்போதே பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதல் பயிற்சி அதுதான்.

தமிழில் “நேற்று வந்தேன்” என்றால் வாக்கியம் முடிந்தது. வந்தது யார் என்பதை அந்த “ஏன்” விகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அப்படி விகுதி கிடையாது. “யெஸ்டர்டே கேம்” என்று எழுதினால் வந்தது நீங்களா, மாமியாரா, பார்சலா என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைக்கு முன்னால் ஓர் எழுவாய் இருந்தே ஆக வேண்டும். செய்பவர் என்று யாரும் இல்லாத இடத்தில்கூட அந்த நாற்காலி காலியாக இருக்கக்கூடாது, “இட்” என்ற சொல்லையாவது உட்கார வைக்க வேண்டும். மழை பெய்தால் “இட் இஸ் ரெய்னிங்”. நேரமாகிவிட்டால் “இட் இஸ் லேட்”. இதில் விதிவிலக்கு என்று நீங்கள் இப்போது கவலைப்பட வேண்டியது கட்டளை ஒன்றுதான்: “கம் ஹியர்”, “ப்ளீஸ் கால் மி”.

அடுத்தது, தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் அமையும்: “அவர் டாக்டர்”, “பையன் வீட்டில்”. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஏம், இஸ், ஆர் மூன்றில் ஒன்று வேண்டும். நேற்றைய செய்தி என்றால் வாஸ் அல்லது வேர். உங்கள் இரண்டாவது வரியில் விட்டுப்போனது இதுதான்: “ஹி நாட் கமிங்” அல்ல, “ஹி இஸ் நாட் கமிங்”. இதைச் சொல்லிக்கொடுத்ததும் பலர் மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள். எல்லா இடத்திலும் இதைச் சேர்த்து “ஐ ஏம் ஒர்க் இன் ஜூரோங்” என்று எழுதுவார்கள். ஏம், இஸ், ஆர் என்பவற்றுக்குப் பின்னால் வெறும் வினை வராது. ஒரு பெயர் வரலாம் (“ஷி இஸ் அ நர்ஸ்”), ஒரு தன்மை வரலாம் (“ஹி இஸ் டயர்ட்”), ஓர் இடம் வரலாம் (“வி ஆர் அட் ஹோம்”), “இங்” சேர்ந்த வினை வரலாம் (“ஐ ஏம் ஒர்க்கிங்”). வேலை ஜூரோங்கில் என்றால் “ஐ ஒர்க் இன் ஜூரோங்”. ஏம் தேவையே இல்லை.

இனி எஸ். ஹி, ஷி, இட், அல்லது ஒற்றை ஆளின் பெயர் எழுவாயாக வந்து, வினை பொதுவான நிகழ்காலத்தில் இருந்தால் வினையின் கடைசியில் எஸ் வரும்: “மை சன் லைக்ஸ் மேத்ஸ்”. பெயரில் பன்மைக்கும் எஸ்தான் வருவதால் குழப்பம். சாதாரணச் சொற்களுக்கு ஒரு சின்னக் கைப்பிடி சொல்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஓர் எஸ்தான், பெயர் எடுத்துக்கொண்டால் வினைக்குக் கிடையாது. “த பாய் ப்ளேஸ்”, “த பாய்ஸ் ப்ளே”. “சில்ட்ரன்”, “பீப்பிள்” போன்றவை எஸ் இல்லாமலே பன்மை என்பதால் அங்கே இந்தக் கைப்பிடி உதவாது. “த சில்ட்ரன் ப்ளே” என்றுதான் எழுத வேண்டும். இந்த எஸ் விஷயத்தில் பொறுமை வேண்டும். விதியை முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டவர்களும் அதைத் தவறாமல் எழுதுவதற்கு நீண்ட காலம் பிடிக்கும் என்பது 1970களின் ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்ட சங்கதி. மறந்துபோகிறது என்று மனம் தளர வேண்டாம். எழுதி முடித்தபின் எஸ்ஸுக்காக மட்டும் ஒருமுறை திரும்பிப் படியுங்கள்.

நான் மிக அதிகமாகத் திருத்தும் பிழை டூ, டஸ், டிட் ஆகியவற்றைச் சுற்றித்தான் வருகிறது. “ஹி டிட் நாட் வென்ட்”, “ஷி டஸ் நாட் லைக்ஸ்” என்று எழுதுகிறார்கள். ஒரு வினைத்தொடரில் காலத்தை ஒரே ஒரு சொல்தான் தாங்கும். டிட் வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது எடுத்துக்கொண்டது, அடுத்த வினை பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும்: “ஹி டிட் நாட் கோ”. டஸ் வந்தால் எஸ்ஸை அது எடுத்துக்கொண்டது: “ஷி டஸ் நாட் லைக்”. கேன், வில், மஸ்ட், ஷுட் இவற்றுக்குப் பின்னும் இதே கதை: “ஹி கேன் ஸ்விம்”, எஸ் வராது. கேள்வியில் இவை எழுவாய்க்கு முன்னால் ஏறிக்கொள்ளும்: “டிட் ஹி ஈட்?”, “கேன் யூ கால் மி?”. இங்கே பேச்சில் “யூ கேன் கால் மி ஆ?” என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பீர்கள். எழுத்தில் அது வேண்டாம்.

காலங்களைப் பொறுத்தவரை, பன்னிரண்டில் ஐந்து தெரிந்தால் ஆசிரியருக்கும் மேலாளருக்கும் வேண்டியதெல்லாம் எழுதலாம்: வழக்கமாக நடப்பது, இப்போது நடந்துகொண்டிருப்பது, நடந்து முடிந்தது, வில் சேர்ந்த எதிர்காலம், ஹாவ் அல்லது ஹாஸ் சேர்ந்தது. “வில் ஹாவ் பீன்” வகையறாவை நீங்கள் இந்த ஆண்டு முழுக்கத் தொடாமல் இருந்தாலும் ஒரு நஷ்டமும் இல்லை. இந்த ஐந்தில் இரண்டு இடம் வழுக்கும். ஒன்று, யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், 2022 என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் அந்த வாக்கியத்தில் ஹாவ் கூடாது. “ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே” தவறு, “ஐ சா ஹிம் யெஸ்டர்டே” சரி. இரண்டு, அறிதல், விரும்புதல், உடைமை போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகள் பொதுவாக “இங்” ஏற்பதில்லை. “ஐ ஏம் நாட் நோயிங்” என்றோ “மை சன் இஸ் ஹாவிங் ஃபீவர்” என்றோ எழுதுவது இதனால்தான் உறுத்துகிறது. “ஐ டூ நாட் நோ”, “மை சன் ஹாஸ் அ ஃபீவர்”. ஆனால் “ஹி இஸ் ஹாவிங் லஞ்ச்” சரிதான், அங்கே ஹாவ் உண்பதைக் குறிக்கும் செயல்.

இறந்தகாலத்துக்கு “ஈ-டி” சேர்ப்பது எளிது. தொல்லை என்னவென்றால் நாம் தினமும் பயன்படுத்தும் வினைகளில் பாதிக்கு மேல் அந்த விதிக்குக் கட்டுப்படாதவை: கோ-வென்ட், கிவ்-கேவ், டேக்-டுக், பை-பாட், டீச்-டாட். இங்கே குறுக்குவழி இல்லை, மனப்பாடம்தான். அகராதியின் பின்பக்கத்தில் உள்ள நீண்ட பட்டியலை எடுக்காமல், நீங்கள் அன்றாடம் சொல்லும் ஐம்பது அறுபது வினைகளை மட்டும் எடுத்து, நாளைக்கு மூன்றாக எழுதிப் பழகுங்கள். புட், கட், லெட், ஹர்ட் ஆகியவை மாறுவதே இல்லை. ரீட் எழுத்தில் மாறாது, இறந்தகாலத்தில் ஒலி மட்டும் “ரெட்” ஆகும்.

பெயருக்கு முன்னால் வரும் அ, அன், த பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதில் பாதி விதி, பாதி பழக்கம். விதியாக நிற்பது இது: அ-வா அன்-னா என்பதை அடுத்து வரும் ஒலிதான் முடிவு செய்யும், எழுத்து அல்ல. “எம்ஆர்டி” (இங்குள்ள மெட்ரோ ரயில்) என்று சொல்லும்போது முதலில் வருவது “எ” ஒலி, ஆகவே “அன் எம்ஆர்டி ஸ்டேஷன்”, “அன் எம்சி”. “யூனிஃபார்ம்” உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி “யு”, ஆகவே “அ யூனிஃபார்ம்”. “ஒன்-ரூம் ஃப்ளாட்” என்பதில் முதல் ஒலி வ-வைப் போன்றது, ஆகவே “அ ஒன்-ரூம் ஃப்ளாட்”. எச்டிபி-யை (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அகராதி சொல்வதுபோல் “ஏச்” என்று தொடங்கினால் “அன்”. இங்கே பலர் “ஹெச்” என்று உச்சரிப்பதால் “அ” என்று எழுதுவதையும் பார்ப்பீர்கள். எழுத்தில் “அன்” பாதுகாப்பானது. த என்பது எது என்று இருவருக்கும் தெரிந்த பொருளுக்கு. தமிழர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. “புத்தகம் வாங்கினேன்” என்றால் ஏதோ ஒரு புத்தகம், “புத்தகத்தை வாங்கினேன்” என்றால் ஏற்கெனவே பேச்சில் வந்த புத்தகம். அஃறிணைப் பொருளோடு “ஐ” உருபு தானாக வாயில் வந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் “த” வரும். பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல. “கோ டு ஸ்கூல்”, “கோ ஹோம்” போன்றவற்றில் த இல்லாததற்கு விதி தேடாமல் தொடராகவே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு முன்னால் அ வைக்காமல் எழுதுவோர் இங்கே ஏராளம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கு இரண்டுமே “அ ஃபீவர்” என்றே எழுதும். ஹோம்ஒர்க், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர் நான்கும் பன்மை எஸ்ஸோ, அ-வோ ஏற்காதவை. “டூ மச் ஹோம்ஒர்க்” சரி, “ஹோம்ஒர்க்ஸ்” இல்லை.

தமிழின் “இல்” ஒன்றுக்கு ஆங்கிலத்தில் அட், ஆன், இன் என்று மூன்று. நேரத்துக்கு இது ஒழுங்காக நிற்கும்: மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன். இடத்துக்கு அவ்வளவு ஒழுங்கில்லை. “இன் உட்லண்ட்ஸ்”, “ஆன் த டென்த் ஃப்ளோர்”, “ஆன் த பஸ்”, ஆனால் “இன் அ டாக்ஸி”. இவற்றையும் தொடராகக் கற்பதே வழி. டிஸ்கஸ் என்பதற்குப் பின் அபவுட் வராது, ரிப்ளை என்பதற்குப் பின் டு வரும்.

மரியாதை தொடர்பாக ஒன்று. “அவங்க வந்தாங்க” என்று மாமியாரைச் சொல்லும் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் “தே” என்று எழுதிவிடுகிறோம். படிக்கும் ஆசிரியர் பல பேர் வருவதாக எண்ணிக்கொள்வார். ஆங்கிலத்தில் “ஷி” என்று சொல்வது அவமரியாதை ஆகாது. பள்ளி முடிந்ததும் மகனை அழைத்துப்போக மாமியார் வருகிறார் என்றால் “மை மதர்-இன்-லா வில் ஃபெட்ச் ஹிம். ஷி வில் பி அட் த கேட்” என்றுதான் எழுத வேண்டும்.

சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம் பற்றியும் கேட்பீர்கள். “ஐ ஈட் ஆல்ரெடி” என்பது நம் “சாப்பிட்டாச்சு” போலவே வேலை செய்வதால் நாக்குக்கு இதமாக ஒட்டிக்கொள்கிறது. அண்டை வீட்டாரிடம் அப்படிப் பேசுவதில் குற்றம் ஏதும் இல்லை. எழுத்தில் “ஐ ஹாவ் ஆல்ரெடி ஈட்டன்”. அதேபோல் “ஆஃப் த லைட்” பேச்சுக்கு, “ஸ்விட்ச் ஆஃப் த லைட்” எழுத்துக்கு.

ஸ்பெல்லிங் விதிகளில் நம்பி வைத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு, அவற்றில் மிகவும் பயனுள்ளது இது: நடுவில் மெய்யெழுத்து இரட்டித்தால் அதற்கு முன் உள்ள உயிர் குறிலாக ஒலிக்கும், ஒற்றையாக இருந்தால் பெரும்பாலும் நெடிலாக ஒலிக்கும். ரைட் என்பதிலிருந்து வரும் ரைட்டிங்-குக்கு ஒரு டி, ரிட்டன்-னுக்கு இரண்டு டி. தமிழ் எழுத்தில் இரண்டுமே இரட்டித்தாற்போல் தெரிவதால் நம்மவர்கள் ரைட்டிங்கிலும் இரண்டு போட்டுவிடுகிறார்கள். ரன் என்ற குறில் சொல் “இங்” சேரும்போது குறிலாகவே இருக்க வேண்டும் என்பதால் ரன்னிங்-குக்கு இரண்டு என். மேக், ரைட் போன்ற சொற்களின் கடைசியில் ஒலிக்காத ஈ இருப்பது முன் உயிரை நீட்டுவதற்காகத்தான். “இங்” வந்தால் அந்த ஈ விழுந்துவிடும். ஈரசைச் சொல் என்றால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: பிகின் கடைசியில் அழுந்துவதால் பிகினிங்-கில் இரண்டு என், ஓபன் முதலில் அழுந்துவதால் ஓபனிங்-கில் ஒரு என். டிராவல், கேன்சல் போல எல்-லில் முடியும் சொற்கள் பிரிட்டிஷ் வழக்கில் அழுத்தம் பாராமல் எல்-லை இரட்டிக்கும்.

மற்றவை சுருக்கமாக. கடைசி ஒய்-க்கு முன் மெய் இருந்தால் அது ஐ-ஈ-எஸ் ஆகும், ஸ்டடி-ஸ்டடீஸ் போல. உயிர் இருந்தால் ஒய் அப்படியே நிற்கும், ப்ளே-ப்ளேஸ் போல. “இங்” சேரும்போது ஒய் எங்கும் மாறாது. ஹாவ், கிவ், லிவ், லவ் ஆகியவை வி-யில் முடிவதில்லை, ஈ சேர்த்தே முடிகின்றன. ஹெல்ப்ஃபுல், பியூட்டிஃபுல் போன்றவற்றின் முடிவில் ஒரே எல். குறிலுக்குப் பின் வரும் க ஒலிக்கு சி-கே (பேக், சிக், கிளாக்), இரண்டு உயிரெழுத்துக்குப் பின் கே மட்டும் (வீக், புக்). “ஐ முன்னால், ஈ பின்னால், சி-க்குப் பின் மட்டும் மாறி வரும்” என்று பள்ளியில் சொல்லித்தரும் அந்தப் பிரபலமான விதியை மட்டும் நம்பாதீர்கள். பிலீவ், ரிசீவ் இரண்டுக்கும் சரியாக வரும், சீஸ், வியர்ட், புரோட்டீன் என்று போனால் கவிழ்த்துவிடும்.

தமிழ் எழுத்து வழியாக வரும் பிழை தனி. பென்சிலுக்கும் பஸ்ஸுக்கும் நமக்கு ஒரே ப. கோட்டுக்கும் ஆட்டைக் குறிக்கும் கோட்டுக்கும் ஒரே க. வெஸ்ட் என்று எழுதினால் ஜூரோங் வெஸ்ட்டா, உள்ளே போடும் வெஸ்ட்டா என்று தமிழில் தெரியாது. திசைக்கு டபிள்யூ, உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும். உடைக்கு வி, மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். இவ்வளவுதான் எழுத்தில் சொல்ல முடியும். உச்சரிப்பைக் காதால் கேட்டுத்தான் திருத்த வேண்டும், ஆன்லைன் அகராதியின் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திக் கேளுங்கள். ஒரு சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படிக்கும் பழக்கத்தையும் மெதுவாக விட்டுவிடுங்கள்.

போன் விசைப்பலகையில் மொழியை “இங்கிலீஷ் யூகே” என்று மாற்றுங்கள். இங்கே பள்ளிகளில் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்தான்: கலர்-இல் யூ உண்டு, சென்டர் ஆர்-ஈ என்று முடியும். அமெரிக்க அமைப்பில் இருந்தால் போன் தானாகவே இவற்றை மாற்றிவிடும், மகனின் புத்தகத்தைப் பார்த்து உங்களுக்குக் குழப்பம் வரும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் அதையும் மறந்துவிடுவோம். நான் என்னும் ஐ எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. கிழமை, மாதம், மொழியின் பெயர், ஆள் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும்.

இப்போது உங்கள் செய்திக்கு வருவோம். “டியர் மிஸ் டான், மை சன் ஹாஸ் அ ஃபீவர், ஸோ ஹி இஸ் நாட் கமிங் டு ஸ்கூல் டுடே. த டாக்டர் கேவ் ஹிம் அன் எம்சி யெஸ்டர்டே.” மேம் என்பதற்குப் பதில் ஆசிரியரின் பெயரை எழுதுவது நல்லது. சீனப் பெயரில் குடும்பப் பெயர் பெரும்பாலும் முதலில் வரும், மிஸ், மேடம், மிஸ்டர் அதற்கு முன்னால் வரும். கடைசி வரியில் கிவ் என்பது கேவ் ஆனது, யாருக்குக் கொடுத்தார் என்று ஹிம் சேர்ந்தது, டாக்டருக்கு முன் த வந்தது. உங்கள் சொற்களில் நான் மாற்றியது மிகக் கொஞ்சம் என்பதைக் கவனியுங்கள். மகனின் பெயரையும் வகுப்பையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் அப்படியே அனுப்பலாம்.

மகன் வாரந்தோறும் கொண்டுவரும் ஸ்பெல்லிங் பட்டியலே உங்களுக்கும் பாடப்புத்தகம். சொல்லைப் பாருங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள், மூடுங்கள், முழுதாக எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் எட்டிப் பார்த்தால் பயன் போய்விடும். உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தின் சிறுவர் பகுதியில் அவன் வயதுக் கதைப்புத்தகங்களை எடுத்து, அவன் படிக்க நீங்கள் கேளுங்கள், நீங்கள் படிக்க அவன் திருத்தட்டும். உறுப்பினர் அட்டை இல்லாவிட்டாலும் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் பள்ளி அனுப்பும் அறிவிப்புகளில் வரும் தொடர்களை நோட்டில் அப்படியே எழுதி வையுங்கள். அப்சென்ட், டிஸ்மிஸல், ரீசெஸ், கன்சென்ட் போன்றவை எந்தத் தொடரில், எந்த முன்சொல்லோடு வருகின்றன என்று அங்கேதான் தெரியும். தினமும் மூன்று வாக்கியம் எழுதுங்கள். எழுதியதை இந்த வரிசையில் சரிபாருங்கள்: எழுவாய் இருக்கிறதா, வினை இருக்கிறதா, காலம் ஒரே இடத்தில் நிற்கிறதா, எஸ் விட்டுப்போயிற்றா. அ, த எல்லாவற்றுக்கும் பிறகு. ஆசிரியர் பதில் எழுதினால் அதை அழிக்காமல் வைத்திருங்கள், அடுத்த முறை நீங்கள் எழுத வேண்டிய வாக்கியங்களில் பாதி அதிலேயே இருக்கும்.